கடைசி வீட்டுக்கான தூரம்

கோயம்புத்தூரிலிருந்து கோழிக்கோட்டுக்குப் போகும் ரயில் வாளையாற்றைத் தாண்டிப் பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைகிறது. மலைகள் இருபுறமும் விலகி நிற்கின்றன. பனையும் வயலுமாக ஒற்றப்பாலம் வரை ஓடி, ஷொரணூரில் பாதை பிரிகிறது. ஒரு பாதை பாரதப்புழையை ஒட்டிப் பட்டாம்பி, குற்றிப்புறம், திரூர் வழியாகக் கோழிக்கோட்டுக்குப் போகிறது. இன்னொன்று அங்காடிப்புறம் வழியாக, ரப்பருக்கும் தேக்குக்கும் நடுவே 66 கிலோமீட்டர் ஓடி நிலம்பூரில் முடிந்துவிடுகிறது. சாவை நெருங்கியவர்களைப் பராமரிக்கும் ஆதரவு சிகிச்சை இந்தியாவில் எப்படி வேரூன்றியது என்று பார்க்க வருகிறவர்கள் முதல் பாதையில் போய், கோழிக்கோடு மருத்துவக் கல்லூரிப் பக்கம் இறங்குவது வழக்கம். அந்த வரலாற்றில் முக்கியமான இடம் அது, பார்க்க வேண்டிய இடமும்கூட. ஆனால் அந்தச் சிகிச்சையைத் தரும் ஒரு நிறுவனம், அதாவது ஒரு ஹாஸ்பிஸ், நல்லதா இல்லையா என்று அளக்க நினைக்கிறவர் இரண்டாவது பாதையில் போக வேண்டும் என்பது என் எண்ணம். தலைமையிடத்திலிருந்து மிகத் தொலைவில், மிக அகாலமான நேரத்தில், ஒரு நோயாளிக்கு என்ன போய்ச் சேர்கிறது என்பதை வைத்தே அந்த நிறுவனத்தின் தரத்தைச் சொல்ல முடியும். மற்றவை எல்லாம் அதற்கான ஏற்பாடுகள்.

இதை வலியுறுத்த வேண்டியிருப்பதற்குக் காரணம், ஹாஸ்பிஸைத் தேடும் குடும்பத்தின் நிலைமை. "இனிமே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று மருத்துவர் சொன்ன பிறகு யோசிக்க நேரம் கிடைப்பதில்லை. போய்ப் பார்க்கிறவர்கள் கண்ணுக்குத் தெரிவதைப் பார்க்கிறார்கள்: தரை சுத்தமாக இருக்கிறதா, தோட்டம் இருக்கிறதா, பேசுகிறவர்கள் தன்மையாகப் பேசுகிறார்களா. அவை பொய்யான அடையாளங்கள் என்று சொல்லமாட்டேன். அழுக்கான இடத்தில் நல்ல பராமரிப்பு நடக்காது. ஆனால் ஹாஸ்பிஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களே கட்டடத்தோடு நின்றுவிடவில்லை. செவிலியராகவும் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்து, பிறகு மருத்துவம் படித்த சிசிலி சாண்டர்ஸ் 1967-இல் லண்டனின் சிடனம் பகுதியில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். உடல்வலி, மனவேதனை, பணக்கவலை, வாழ்க்கைக்கு என்ன பொருள் என்ற தவிப்பு எல்லாம் சேர்ந்ததே முழு வலி என்று கற்பித்தவர் அவர். இரண்டே ஆண்டுகளில், 1969-இல், அங்கிருந்த செவிலியர்கள் நோயாளிகளின் வீடுகளுக்குப் போகத் தொடங்கினார்கள். முழு வலி என்ற கருத்தை உண்மையாக எடுத்துக்கொண்டால் அந்த நடை தவிர்க்க முடியாதது. பணக்கவலையும் குடும்பத்தின் தவிப்பும் கட்டிலோடு சேர்ந்து ஹாஸ்பிஸுக்கு வந்துவிடுவதில்லை.

இந்தியாவில் முதல் ஹாஸ்பிஸ் 1986-இல் மும்பையின் பாந்த்ராவில் திறந்த சாந்தி அவேதனா சதன். கோழிக்கோட்டில் நடந்தது வேறு மாதிரி. 1993-இல் மயக்கவியல் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் மருத்துவர் சுரேஷ்குமாரும் நண்பர்கள் சிலரும் மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறிய அறையில் வலி நிவாரண வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார்கள். கட்டில் போட இடமில்லை. வந்தவர்கள் மருந்து வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள். சில நாளில் எழுந்து வர முடியாமல் போனார்கள், பிறகு செய்தியே இல்லை. மிக மோசமான நிலையில் இருந்தவர்களே அந்த அறையின் கண்ணில் படாமல் போனார்கள் என்பது தெரிந்ததும், சிகிச்சை வெளியே போக வேண்டியதாயிற்று. பக்கத்து மலப்புறம் மாவட்டத்தில் 2000-ஐ ஒட்டி உருவான அக்கம்பக்கத்தார் வலைப்பின்னல் அப்படி வந்தது. வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்கக்கூடியவர்களைச் சேர்த்து, 16 மணி நேர வகுப்பும் நான்கு நாள் களப் பயிற்சியும் கொடுத்து, ஊரின் நோயாளிகளை ஊர்க்காரர்களிடமே ஒப்படைத்தார்கள். சில்லறைக் காசு நன்கொடைகளால் செலவு நடந்தது. 2008-இல் கேரள அரசு ஆதரவு சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டு, பஞ்சாயத்துகள் வழியாக வீட்டுக்கு நர்ஸ் அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. 2010-இல் எகனாமிஸ்ட் ஆய்வுப் பிரிவு 40 நாடுகளில் இறப்பின் தரத்தை ஒப்பிட்டபோது இந்தியா கடைசி இடத்தில் இருந்தது. அதே அறிக்கை, நாட்டு மக்கள்தொகையில் 3 சதவீதம் உள்ள கேரளம் நாட்டின் ஆதரவு சிகிச்சைச் சேவைகளில் மூன்றில் இரண்டு பங்கைத் தருகிறது என்றும் சொன்னது.

அந்த இரண்டாவது ரயில் பாதை முடியும் நிலம்பூர் பக்கத்து ஊர்களில், செம்பாறாங்கல் வெட்டிய சரிவுகளின் மேல் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. சாலை முடிந்து ஒற்றையடிப் பாதை தொடங்கும் இடத்தில் வண்டி நின்றுவிடும். அதற்கு மேல் பையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்பது என் முதல் கேள்வி. வாய்வழி மார்ஃபின் இல்லாத பையோடு புற்றுநோய் முற்றியவரின் வீட்டுக்குப் போகும் குழு, எவ்வளவு அன்போடு போனாலும், பாதி வேலைதான் செய்கிறது. இதில் இந்தியாவின் கதை வருத்தமானது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு அபின் பயிரிட்டு உலக மருந்துத் தொழிலுக்கு ஏற்றுமதி செய்த நாடு இது. 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கடுமைக்கு அஞ்சி மருந்தகங்கள் மார்ஃபினை வைப்பதையே விட்டன. 1997-இல் நாடு முழுவதும் பயன்பட்டது 18 கிலோ. பல உரிமங்களுக்குப் பல அலுவலகங்களில் நிற்க வேண்டியிருந்த நிலையை மாற்ற, ராஜகோபால் உள்ளிட்டோர் பல ஆண்டுகள் போராடி, 2014-இல்தான் சட்டத் திருத்தம் வந்தது. இப்போது மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அங்கீகரித்த மருத்துவ நிறுவனம் அதை வாங்கி வைக்கலாம். ஆகவே ஒரு ஹாஸ்பிஸிடம் கேட்க வேண்டியது எளிது: உங்களுக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா, கடந்த ஓராண்டில் மாத்திரை தீர்ந்துபோன நாள் உண்டா? முதல் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லி இரண்டாவதுக்குத் தயங்கும் இடத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

மருந்துச் சீட்டே இன்னும் பலவற்றைச் சொல்லிவிடும். உலகச் சுகாதார நிறுவனம் 1986-இல் வகுத்த முறைப்படி, புற்றுநோய் வலிக்கான மருந்து கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கப்பட வேண்டும், வலி வந்த பிறகு அல்ல. சாதாரண மார்ஃபின் மாத்திரை என்றால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. இடையில் வலி பீறிட்டால் கொடுக்க ஒரு கூடுதல் அளவும் எழுதியிருக்க வேண்டும். மார்ஃபின் எடுப்பவர்களுக்கு மலச்சிக்கல் வந்தே தீரும் என்பதால் மலமிளக்கியும் கூடவே இருக்க வேண்டும். 'வலி இருந்தால்' என்று மட்டும் எழுதியிருக்கும் சீட்டு, மலமிளக்கி இல்லாத சீட்டு, இவை பயிற்சி போதாத கையிலிருந்து வந்தவை. மருத்துவம் படிக்காத மகனோ மருமகளோ இதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியும் என்பதற்காகவே இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

மார்ஃபினை அளவுகோலாக வைப்பது ஆபத்தில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இங்கிலாந்தின் காஸ்போர்ட் வார் மெமோரியல் மருத்துவமனையில் 1989 முதல் 2000 வரை, மருத்துவக் காரணம் இல்லாமல் கொடுக்கப்பட்ட, மார்ஃபின் வகையைச் சேர்ந்த ஓபியாய்டு மருந்துகளால் 450-க்கும் மேற்பட்டோரின் ஆயுள் குறுகியது என்று 2018-இல் தனிக்குழு அறிவித்தது. கேட்டுக்கொண்டே இருந்த குடும்பத்தார் பல ஆண்டுகள் அலட்சியப்படுத்தப்பட்டார்கள். அதனால் மருந்து இருப்பது மட்டும் போதாது, வலிக்கும் மருந்தளவுக்கும் கணக்கு இருக்க வேண்டும். நோயாளி பத்துக்கு எத்தனை என்று சொன்னார், எவ்வளவு கொடுத்தார்கள், கொடுத்த பிறகு எத்தனை ஆயிற்று என்பது அடுத்தடுத்த வரிகளில் இருக்கும் பதிவேடு ஒரு நிறுவனத்தின் நாணயத்தைக் காட்டும். அந்தப் பதிவேட்டைக் குடும்பத்துக்குக் காட்டத் தயங்காத இடம் நல்ல இடம்.

இரண்டாவது கேள்வி நேரத்தைப் பற்றியது. இங்கிலாந்தில் 2011 முதல் 2015 வரை, இறந்தவர்களின் குடும்பத்தாரிடம் ஆண்டுதோறும் தேசிய அளவில் ஆய்வு நடந்தது. வலி எல்லா நேரமும் முழுமையாகத் தணிந்திருந்தது என்று சொன்னவர்கள் ஹாஸ்பிஸில்தான் அதிகம். வீட்டில்தான் மிகக் குறைவு, மருத்துவமனையைவிடவும் குறைவு. மேலே சொன்ன 2010 ஒப்பீட்டில் முதலிடம் பெற்ற நாட்டின் நிலை அது. அமெரிக்காவில் 2014-இல் ஹாஸ்பிஸ் பராமரிப்பில் இறந்த ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோரின் ஆவணங்களை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ எட்டில் ஒருவருக்குக் கடைசி இரண்டு நாளில் தொழில்முறைப் பணியாளர் எவரும் வந்து பார்க்கவில்லை என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை இறந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் மோசம். சாவுக்கு விடுமுறை நாள் தெரியாது, ஊழியர் பட்டியலுக்குத் தெரியும். பிறகு அந்நாட்டு அரசு, கடைசி மூன்று நாட்களில் குறைந்தது இரண்டு நாள் செவிலியரோ சமூகப் பணியாளரோ நேரில் வந்தார்களா என்பதை நிறுவனவாரியாக வெளியிடத் தொடங்கியது. நான் அறிந்த அளவுகோல்களில் இதை மிக நேர்மையானது என்பேன். கட்டடத்தை அழகாக்கி இதை ஏமாற்ற முடியாது.

இந்த அளவுகோலைக் கேரளத்தின் மேல் வைத்தால் என்ன தெரியும்? இங்கேதான் அந்த மாநிலத்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். பஞ்சாயத்து நர்ஸ் மூன்று மாதப் பயிற்சி பெற்றவர். ஒரு பஞ்சாயத்தின் படுக்கை நோயாளிகள் எல்லாரும் அவர் பொறுப்பு. வீட்டுக்கு மாதம் ஒருமுறைதான் வர முடிகிறது என்றால் அவரைக் குறை சொல்வதில் பொருளில்லை. பக்கவாதத்தில் பத்தாண்டு கிடப்பவருக்குச் சிறுநீர்க் குழாய் மாற்றவும் படுக்கைப்புண்ணைக் கவனிக்கவும் அந்த வருகை பெரும் உதவி. இன்னும் பத்து நாள்தான் என்ற நிலையில் மூச்சுத் திணறும் புற்றுநோயாளிக்கு அது போதாது. வலைப்பின்னல் அகலமாக இருப்பதால் ஆழமாகவும் இருக்கும் என்று எண்ணுவது தவறு. எத்தனை பஞ்சாயத்துகளில் சேவை இருக்கிறது என்ற எண்ணிக்கையும் சாந்தமான வரவேற்பறையைப் போலத்தான், வெளியிலிருந்து பார்க்க நிறைவாக இருக்கும். ஆயினும், அந்த அகலம் இல்லாத மாநிலங்களில் ஆழத்தைப் பற்றிப் பேசவே ஆளில்லை. மலப்புறத்தின் பலம், நர்ஸ் வராத இருபத்தொன்பது நாளும் அந்த வீட்டுப் பக்கம் போகிற தொண்டர் ஒருவர் இருக்கக்கூடும் என்பது. படுக்கை மாற்றுகிறவர், பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கு ஏற்பாடு செய்கிறவர், நிலைமை மோசமானால் மருத்துவரைக் கூப்பிடத் தெரிந்தவர். ஆகவே அங்கே கேட்க வேண்டியது: இரவில் அந்தத் தொண்டர் யாரைக் கூப்பிடுவார், எதிர்முனையில் எடுக்கிறவருக்கு மருந்தளவைக் கூட்டச் சொல்ல அதிகாரம் இருக்கிறதா? சங்கிலி மருத்துவர் வரை போய்ச் சேர்கிற ஊரும், தொண்டரின் நல்ல மனதோடு அறுந்துவிடுகிற ஊரும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கலாம்.

தரத்தை இப்படி வீடு வீடாகப் போய் யார் பார்ப்பது, ஒரு பொதுப் படிவம் வைத்து அதிகாரிகள் சோதித்தால் போதாதா என்பது இன்னொரு மறுப்பு. படிவம் வேண்டியதுதான். இந்தியாவிலும் ஆதரவு சிகிச்சை அமைப்புகள் தங்களுக்கென ஒரு தணிக்கைப் பட்டியல் வைத்திருக்கின்றன, மார்ஃபின் தடையின்றிக் கிடைப்பது அதில் உண்டு. ஆனால் படிவம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு லிவர்பூல் நெறிமுறை என்ற பாடம் இருக்கிறது. 1990-களின் கடைசியில், லிவர்பூலில் ஒரு ஹாஸ்பிஸில் நடந்த சிறந்த பராமரிப்பைப் பார்த்து, அதையே பொது மருத்துவமனைகளிலும் செய்ய வழிகாட்டும் தாளாக அது எழுதப்பட்டது. நோக்கம் உயர்ந்தது. பிறகு அதைப் பயன்படுத்தியதற்கு மருத்துவமனைகளுக்கு ஊக்கத்தொகை கொடுக்கப்பட்டது. தாளில் குறியிட்டால் பராமரிப்பு முடிந்தது என்றாயிற்று. தண்ணீர் கேட்ட நோயாளிக்குத் தண்ணீர் மறுக்கப்பட்டதாகக் குடும்பங்கள் புகார் செய்தன. 2013-இல் பாரனஸ் நியூபெர்கர் தலைமையிலான குழு அதைக் கைவிடச் சொன்னது, அடுத்த ஆண்டு அது போயிற்று. கைவிட்டது சரிதான். ஆனால் அளப்பதையே விட்டுவிட வேண்டும் என்று அதிலிருந்து முடிவு கட்டக்கூடாது. ஊழியர் தாமே நிரப்பும் படிவத்தைத் தரத்தின் சான்றாக எடுத்ததில்தான் பிசகு. நோயாளியின் வீட்டில் என்ன நடந்தது என்பதை அந்த வீட்டில் இருந்தவரே சொல்ல வேண்டும்.

அவர்கள் சொல்வதை நம்பலாமா? இதுதான் எதிர்வாதங்களில் வலுவானது. வேறு எந்த உதவியும் கிடைக்காத ஊரில், இலவசமாக ஒருவர் வந்து புண்ணைக் கழுவினால், அந்தக் குடும்பம் காலமெல்லாம் கையெடுத்துக் கும்பிடும். திருப்தியா என்று கேட்டால் திருப்தி என்றுதான் பதில் வரும். இறந்தவரைப் பற்றிக் குறை சொல்வதுபோலத் தோன்றும் என்ற கூச்சமும் நம்மிடம் உண்டு. ஆகவே திருப்தியைக் கேட்கக்கூடாது, நடந்ததைக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் குடும்பத்தாருக்கு இறப்புக்குச் சில மாதம் கழித்து அனுப்பும் ஆய்வுத்தாளில், மாலையிலும் வார இறுதியிலும் விடுமுறை நாளிலும் கேட்ட உதவி எவ்வளவு தடவை கிடைத்தது என்று ஒரு கேள்வி இருக்கிறது. நம் ஊரில் இதை இன்னும் நேராகவே கேட்கலாம். "ராத்திரி போன் பண்ணீங்களா? யார் எடுத்தாங்க? எவ்வளவு நேரத்துல வந்தாங்க? மாத்திரை தீர்ந்து காத்திருந்தீங்களா? கடைசி ரெண்டு நாள் எப்படி இருக்கும்னு யாராவது முன்னாடியே சொன்னாங்களா?" நன்றியுணர்ச்சி மிகுந்தவரும் இவற்றுக்கு உள்ளபடியே பதில் சொல்வார், ஏனென்றால் இவை அபிப்பிராயம் கேட்பதில்லை. கடைசிக் கேள்விக்கு நான் தனி இடம் தருவேன். மூச்சு இடைவெளி விட்டு வரும், தொண்டையில் களகளவென்று சத்தம் கேட்கும், கை கால் சில்லிடும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குடும்பம் பயந்துபோய் நள்ளிரவில் ஆம்புலன்ஸைக் கூப்பிடாது. சொல்லப்படாத குடும்பம் கூப்பிடும், நோயாளி ஏதோ ஒரு அவசரப் பிரிவில் மூக்கில் குழாயோடு இறப்பார். அதுவரை செய்த பராமரிப்பெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் வீணாகும்.

வீட்டையே அளவுகோலாக்கினால் வீடற்றவர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் எண்ண வேண்டும். தனியாக வாழும் முதியவர், வெளி மாநிலத்திலிருந்து கூலி வேலைக்கு வந்தவர், ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் குடும்பம், இவர்களுக்குக் கட்டில் உள்ள ஹாஸ்பிஸ் வேண்டும். வலியோ மூச்சுத் திணறலோ வீட்டில் அடங்காதபோது சில நாள் சேர்த்துக்கொள்ளவும் இடம் வேண்டும். கட்டடங்களுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் அந்தக் கட்டடத்தையும் அதே முறையில்தான் பார்ப்பேன்: பகல் பதினொரு மணிக்கு வருகிறவருக்குக் காட்டும் வார்டைவிட, ஞாயிறு அதிகாலையில் எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்ஸ் என்ற கணக்கு பெரிது. பணம் வாங்கும் இடமாக இருந்தால், எதற்கு வாங்குகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1982-இல் இயற்றிய சட்டத்தின்படி அரசே ஹாஸ்பிஸுக்குப் பணம் தருகிறது, பெரும்பாலும் நாள் கணக்கில், அன்று யாராவது போய்ப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும். அங்கே இப்போது ஹாஸ்பிஸ்களில் பெரும்பான்மை லாப நோக்குள்ளவை. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் பெரிய அளவில் மோசடிக்கான அறிகுறிகள் இருப்பதாக 2022-இல் கலிஃபோர்னியா மாநிலத் தணிக்கையாளரே எச்சரித்தார். நம் நகரங்களில் வீட்டுப் பராமரிப்பு நாள் வாடகைத் தொழிலாக வளர்ந்து வரும் காலத்தில் இது தொலைதூரச் செய்தி அல்ல.

ஷொரணூரிலிருந்து தெற்கே இறங்கும் இன்னொரு பாதை திருவனந்தபுரத்தில் வந்து சேர்கிறது. ராஜகோபால் 2003-இல் தொடங்கிய பாலியம் இந்தியா என்ற ஆதரவு சிகிச்சை அமைப்பு அங்கே இருக்கிறது. மண்டலப் புற்றுநோய் மையமும் அங்கே இருக்கிறது, கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வரும் தமிழ் நோயாளிகளுக்கு நன்கு தெரிந்த இடம். இனி செய்வதற்கில்லை என்று அவர்களில் ஒருவரைத் திருப்பி அனுப்பும்போது தூரம் என்பதன் முழுப் பொருளும் தெரிகிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து தரும் ஆதரவு சிகிச்சையும் உண்டு. வீட்டு வாசல் வரை வருவதற்கு ஒரு முறை இருக்கிறது என்பது பெரிய விஷயம், அதை உருவாக்க மலப்புறத்துக்குப் பல ஆண்டு பிடித்தது. அந்தத் திட்டத்தையும், திருப்பி அனுப்பும் மருத்துவமனையையும், இடையில் உதவும் தொண்டு நிறுவனத்தையும் ஒரே நோயாளியை வைத்து மதிப்பிடலாம். மாநில எல்லையான களியக்காவிளையைத் தாண்டி வருகிறவரின் கையில் எத்தனை நாளைக்கு மாத்திரை இருக்கிறது? அது தீரும்போது மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ மார்ஃபின் வைத்திருக்கும் அங்கீகரிக்கப்பட்ட இடம் எது என்று சீட்டில் எழுதியிருக்கிறதா? அந்த இடத்துக்கு முன்கூட்டியே தகவல் சொல்லியாயிற்றா? முதல் வாரம் வீட்டுக்குப் போகப்போகும் நர்ஸின் பெயரும் எண்ணும் நோயாளியின் மனைவியிடம் இருக்கிறதா? நோயாளி இறந்த பிறகு அந்த மனைவியை ஒருமுறையாவது யாராவது போய்ப் பார்ப்பார்களா?